பேய் யாருடைய மொழியில் பேசுகிறது?

பாரிட் புந்தாரில் நான் நடத்தும் மாலை வகுப்பில் படிவம் 4 மாணவி ஒருத்தி ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டாள். முந்தைய இரவு தொலைக்காட்சியில் ‘சந்திரமுகி’ ஓடியிருக்கிறது. வீட்டில் எல்லாரும் எத்தனையாவது தடவையாகவோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் பையன்கள் வேட்டையன் மாதிரி சிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் யோசனையாக, “சார், பேயே இல்ல, எல்லாம் மனநோய்தான்னு படத்துல சொல்றாங்க. அப்புறம் ஏன் அவங்க தெலுங்குல பேசணும்?” என்றாள்.

பையன்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய நல்ல கேள்வி அது. கங்கா தெலுங்கை எங்கே கற்றாள் என்பது சின்ன விஷயம். தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல அவளுக்கு ஏன் இன்னொருத்தியின் மொழி தேவைப்பட்டது என்பதுதான் பெரிய விஷயம்.

நம் பிள்ளைகள் பேய்ப்படங்களை விரும்பிப் பார்க்கிறார்கள். தமிழ், மலாய், தாய்லாந்து, கொரியா என்று எந்த நாட்டுப் பேயையும் விடுவதில்லை. பெற்றோர் “இதையெல்லாம் பார்த்துக் கெட்டுப் போகாதே” என்கிறார்கள். பள்ளியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் கருத்து வேறு. பேய்ப்படத்தை எப்படி வாசிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்கு உளப்பகுப்பாய்வு என்ற துறை ஒரு நல்ல கருவி. ஆனால் அந்தக் கருவியைப் படத்தின் மேல் வைக்கலாம். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேல் வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தாய்மொழியை மறந்த பெண்

உளப்பகுப்பாய்வின் கதை வியன்னா நகரில் ஒரு நோயாளியிடமிருந்து தொடங்குகிறது. 1880ஆம் ஆண்டு, 21 வயதான ஒரு பெண், நோயில் கிடந்த தன் தந்தைக்கு இரவும் பகலும் பணிவிடை செய்துகொண்டிருந்தாள். சிறிது சிறிதாக அவளுக்கே நோய் வந்தது. கை மரத்துப்போனது. இல்லாத பாம்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மன் வாயில் வரவில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசினாள்.

இதே சம்பவம் அந்தக் காலத்தில் நம் தோட்டத்து லயத்தில் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். “வெள்ளைக்காரி பேய் பிடித்துவிட்டது” என்று வேப்பிலையைத் தேடியிருப்பார்கள்.

அவளுக்கு மருத்துவம் பார்த்தவர் ஜோசப் புரோயர். மாலை நேரங்களில் அவள் தன் மனத்தில் ஓடுவதையெல்லாம் சொல்லச் சொல்ல, அவர் உட்கார்ந்து கேட்டார். சொல்லி முடித்த பிறகு அவளுக்குச் சற்று இதமாக இருந்தது. ‘பேச்சு வைத்தியம்’ என்று அதற்குப் பெயர் வைத்தவர் மருத்துவர் அல்ல, நோயாளிதான். 1895ஆம் ஆண்டு புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட நூலில் அவளை ‘அன்னா ஓ’ என்ற மறைபெயரில் எழுதினார்கள். உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பிற்காலத்தில் அவர் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான அமைப்பை 1904இல் தொடங்கிப் பெரிய சமூகப் பணியாளராக விளங்கினார். புத்தகத்தில் சொன்ன அளவுக்கு அவர் உடனே குணமாகிவிடவில்லை. அதன் பிறகும் பலமுறை மருத்துவமனையில் இருந்தார் என்பதைப் பின்னாள் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

பிராய்டு கண்டது சுருக்கமாக இதுதான். சொல்ல முடியாத ஆசை, சொல்லக் கூடாத கோபம், அழ முடியாத துக்கம் ஆகியவற்றை மனிதன் உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறான். பூட்டினால் அவை சாவதில்லை. நனவிலி மனத்தில் கிடந்து வேறொரு வேடத்தில் திரும்பி வருகின்றன. கனவாக வரலாம், உடம்பு வலியாக வரலாம், காரணம் தெரியாத பயமாகவும் வரலாம்.

பயத்தைப் பற்றி அவர் 1919ஆம் ஆண்டு ஒரு தனிக் கட்டுரை எழுதினார். ஜெர்மன் மொழியில் இனம்புரியாத அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்குள் ‘வீடு’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒன்றைவிட, நன்கு தெரிந்த வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்த ஒன்று வெளியே தலைகாட்டும்போதுதான் நாம் அதிகமாக நடுங்குகிறோம் என்றார். நம் பேய்ப்படங்களைப் பாருங்கள். பேய் காட்டில் வருவது குறைவு. பங்களாவில், மாடியறையில், “அந்தக் கதவை மட்டும் திறக்காதே” என்று பெரியவர்கள் சொல்லி வைத்த இடத்தில்தான் அது இருக்கிறது.

எல்லையைத் தாண்டி வரும் பேய்

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ‘சந்திரமுகி’ 2005ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டில் வந்தது. சென்னையில் ஒரே திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது. அதன் மூலக்கதை 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படம். அதில் வரும் நாட்டியக்காரியின் பெயர் நாகவல்லி. அவள் தஞ்சாவூரைச் சேர்ந்தவள், பேசுவது தமிழ். தமிழுக்கு வந்தபோது அவள் சந்திரமுகியாகித் தெலுங்கு பேசினாள். 2007இல் இந்திக்குப் போனபோது வங்காளி பேசினாள்.

ஒரே கதைதான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் பேய் மட்டும் பக்கத்து ஊர்க்காரி. மலையாளிக்குத் தமிழச்சி பேய், தமிழனுக்குத் தெலுங்குக்காரி பேய். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம் வீட்டுப் பெண் இப்படிக் கத்த மாட்டாள், இப்படி ஆட மாட்டாள், பழி வாங்குவேன் என்று கிளம்ப மாட்டாள் என்று ஒவ்வொரு வீடும் நம்ப விரும்புகிறது. ஆகவே அந்தக் குரலை எல்லைக்கு அப்பால் தள்ளுகிறது. தள்ளிய குரல் சொந்த மருமகளின் வாய் வழியாகவே திரும்பி வருகிறது.

கங்காவின் முகம் மாறும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவள் கடைக்குப் புறப்படுகிறாள். கணவன் போக வேண்டாம் என்று தடுக்கிறான். அந்த நொடியில்தான் குரல் தடிக்கிறது, கண் சிவக்கிறது. இரவு பன்னிரண்டு மணியும் இல்லை, அமாவாசையும் இல்லை. பட்டப்பகலில் ‘போகாதே’ என்ற ஒரு சொல்தான் பேயை வரவழைக்கிறது. அடக்கமான மனைவியாகிய கங்கா சொல்ல முடியாத ‘நான் போவேன்’ என்ற பதிலை, நூறாண்டுக்கு முன் எரிக்கப்பட்ட ஒரு நாட்டியக்காரி அவளுக்காகச் சொல்கிறாள். உளப்பகுப்பாய்வு கற்றுத்தரும் வாசிப்பு என்பது இப்படிப்பட்ட இடத்தில் நிறுத்திப் பார்ப்பதுதான்.

கழுத்தில் அடித்த ஆணி

நம் நாட்டுப் பேய்க்கு வருவோம். பொந்தியானாக்கைத் தெரியாத மலேசியப் பிள்ளை கிடையாது. எந்த இனமாக இருந்தாலும் இரவில் வாழைத்தோப்பைக் கடக்கும்போது நடை வேகமாகிறது. நாடு சுதந்திரம் பெற்ற அதே 1957ஆம் ஆண்டு ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படம் வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. மரியா மெனாடோ நாயகியாக நடித்தார். இயக்கியவர் கேரளத்தைச் சேர்ந்த பி.என். ராவ். மலாய்ப் பேயை வெள்ளித்திரையில் புகழ்பெறச் செய்தவர் ஓர் இந்தியர் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை, அழிந்துவிட்டது.

பொந்தியானாக் யார்? பிள்ளைப்பேற்றில் அல்லது கருவுற்றிருந்தபோது இறந்த பெண். பிரசவம் என்றால் மறுபிறப்பு என்று அஞ்சிய காலத்தில், மருத்துவமனை எட்டாத கம்பங்களில் எத்தனை பெண்கள் அப்படிப் போயிருப்பார்கள்! ஊர் அவர்களை மறக்க முயன்றது, முடியவில்லை. இந்த நம்பிக்கையில் இன்னொரு பகுதியும் உண்டு. பொந்தியானாக்கின் பிடரியில் ஓர் ஆணியை அடித்துவிட்டால் அவள் அழகான, அமைதியான மனைவியாகிவிடுவாளாம். ஆணியைப் பிடுங்கினால் பழையபடி பேயாம். இதைவிட வெளிப்படையாக ஓர் ஊர் தன் மனத்தைத் திறந்து காட்ட முடியாது. நல்ல மனைவி என்பவள் கழுத்தில் ஆணியோடு இருப்பவள் என்று அந்தக் கதை தன்னை அறியாமலேயே ஒப்புக்கொள்கிறது.

2004ஆம் ஆண்டு சுஹைமி பாபா என்ற பெண் இயக்குநர் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’ படத்தை எடுத்தபோது, பேயை நாட்டியக்காரியாகவே வைத்தார். கருவுற்ற நிலையில் கொல்லப்பட்ட அவள் நியாயம் கேட்டுத் திரும்பி வருகிறாள். சந்திரமுகிக்கு ஓராண்டு முன்பு, மலாய் மொழியில், கிட்டத்தட்ட அவளுடைய உடன்பிறப்பு.

தமிழரிடமும் இது புதிதல்ல. பழையனூர் நீலி கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறப்பில் பேயாக வந்து அவனைப் பழி தீர்த்தாள் என்பது கதை. நமக்கு அதில் மிஞ்சியது என்ன? ‘நீலிக் கண்ணீர்’ என்ற வழக்கு. பொய் அழுகைக்கு அவள் பெயரை வைத்தோம். அவளைக் கொன்றவனின் பெயரில் நம் மொழியில் ஒரு வழக்கும் இல்லை. மறுபக்கம், கன்னியாகுமரி, நெல்லை வட்டாரத்து மக்கள் அவளை இசக்கியம்மனாக வணங்கிப் பொங்கலிடுகிறார்கள். அநியாயமாகச் செத்தவளை விரட்டாமல், ஓர் இடம் கொடுத்து உட்கார வைத்தார்கள். பிராய்டு பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நம் கிராமத்து மனிதருக்கு இந்த மன இயல்பு தெரிந்திருந்தது. “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்ற பழமொழியும் அதே அறிவுதான்.

எங்கள் கிரியான் மாவட்டம் இன்று நெல்வயலுக்குப் பேர்போனது. ஆனால் கரும்புத் தோட்டமும் ரப்பர் தோட்டமும் நம்மவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. தோட்டத்தில் வளர்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் மோகினிக் கதை சொல்வார். “விடியாமல் ஒத்தையில் மரம் வெட்டப் போகாதே, நிரையில் மோகினி நிற்பாள்.” இந்த எச்சரிக்கையைப் பெண்பிள்ளைகளுக்கும் சொன்னார்கள். மோகினி பிடிப்பது ஆண்களை அல்லவா? பெண்ணை ஏன் பயமுறுத்த வேண்டும்? இருட்டில் நின்றது எப்போதும் மோகினிதானா, அல்லது பெயர் சொல்ல முடியாத அளவுக்கு அதிகாரம் உள்ள ஓர் ஆணா? தோட்டங்களில் பெண்கள் பட்ட துன்பம் வரலாற்றில் பதிவானதுதான். நேரே சொல்ல முடியாததைப் பாட்டிமார் பேயின் பெயரால் சொல்லி வைத்திருக்கலாம் என்பது என் வாசிப்பு.

எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உளப்பகுப்பாய்வு சுவையான கருவி. சுவையானது என்பதாலேயே ஆபத்தானது. பாம்பு வந்தால் இது, கிணறு வந்தால் அது, பூட்டிய அறை வந்தால் மற்றொன்று என்று எல்லாவற்றுக்கும் அதனால் பொருள் சொல்ல முடியும். எதைக் காட்டினாலும் ‘பார்த்தாயா, நான் சொன்னது சரி’ என்று நிற்கும் கோட்பாட்டை அறிவியல் என்று எப்படிச் சொல்வது என்று மெய்யியல் அறிஞர் கார்ல் பாப்பர் கேட்டார். எல்லாத் திகில் கதையையும் அடக்கி வைத்த ஆசை என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது என்று நோயல் கேரல் 1990இல் ஒரு முழு நூலே எழுதினார். இவற்றில் நியாயம் இருக்கிறது. சில படங்கள் திடுக்கிட வைக்க மட்டுமே எடுக்கப்பட்டவை. கதவு ‘படார்’ என்று அறைந்தால் யாருக்கும் நெஞ்சு துடிக்கும். அதற்கு ஆழ்மனம் தேவையில்லை.

ஆகவே மாணவர்களிடம் நான் ஒரு நிபந்தனை வைப்பேன். நீ சொல்லும் பொருளுக்குப் படத்திலேயே சான்று காட்டு. எந்தக் காட்சி, எந்த வசனம், எந்த ஒலி? இலக்கியப் பாடத்தில் நாவலின் கதைமாந்தரைப் பற்றி எழுதும்போது இதைத்தானே செய்கிறோம்? காட்ட முடியாவிட்டால் அது உன் கற்பனை.

பிராய்டே சறுக்கிய இடம் ஒன்று உண்டு. 1900ஆம் ஆண்டு 18 வயதுப் பெண் ஒருத்தியைத் தந்தை அவரிடம் அழைத்து வந்தார். நூலில் அவள் பெயர் ‘டோரா’. தந்தையின் நண்பர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று அவள் சொன்னாள். பிராய்டு அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் உன் அருவருப்புக்கு அடியில் ஆசை ஒளிந்திருக்கிறது என்று விளக்கம் சொன்னார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னதைக் கேட்பதை விட்டுச் சொல்லாததைத் தேடப் போனார். உலகப் புகழ்பெற்ற மேதைக்கே இது நடந்தது என்றால், இணையத்தில் இரண்டு காணொளி பார்த்த நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

திரைக்கு வெளியே

இது வெறும் சினிமாப் பேச்சு அல்ல. நம் நாட்டில் மாணவிகள் கூட்டமாக அலறி மயங்கி விழும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 2016 ஏப்ரலில் கிளந்தானில், பெங்காலான் செப்பாவில் ஓர் இடைநிலைப்பள்ளியைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு பகாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இந்த அலறலைத் தடுக்க ஒரு பெட்டியைத் தயாரித்து 8,750 ரிங்கிட் விலை வைத்தார்கள். அதில் உப்பு, எலுமிச்சை, வினிகர் போன்றவை இருந்தன. நாடே சிரித்தது. ஆனால் அந்தப் பெட்டியில் எதுவும் அலறிய பிள்ளையிடம் ‘உனக்கு என்னம்மா?’ என்று கேட்காது என்பதுதான் எனக்குப் பட்ட குறை.

1970களில் தொழிற்சாலைகளிலும் இதே நடந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்த பிறகு, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மின்னணு ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். பாரிட் புந்தாரிலிருந்து இன்றும் விடியற்காலையில் பினாங்கு பக்கம் ஆலைப் பேருந்துகள் போகின்றன. அக்காலத்தில் நாட்டின் பல ஆலைகளில் பெண்கள் திடீரென்று அலறினார்கள். நுண்ணோக்கிக்குள் பேய் தெரிகிறது என்றார்கள். நிர்வாகம் மாத்திரை கொடுத்தது, போமோவையும் அழைத்தது. பினாங்கில் பிறந்த மானுடவியலாளர் ஐவா ஓங், சிலாங்கூரில் தங்கி ஆய்வு செய்து 1987இல் ஒரு நூல் எழுதினார். இது தனி ஒருத்தியின் மனநோய் என்று ஒதுக்கக் கூடியது அல்ல. ஓயாத வேலை, கண்காணிப்பு, கிராமத்து வாழ்வு குலைந்த வேதனை ஆகியவற்றுக்கு எதிரான குரல் அது என்றார். முதலாளியை எதிர்த்துப் பேசினால் வேலை போகும். பேய் பேசினால் யாரும் அதை வேலையிலிருந்து நீக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் படிவம் 3 மாணவி ஒருத்தி சபைகூடலில் அலறி விழுந்தாள். பெரியவர்கள் சிலர் சூழ்ந்துகொண்டு, “யார் நீ? எங்கிருந்து வந்தாய்?” என்று அதட்டினார்கள். கேள்வி பேய்க்கு. படம் பார்த்த பையன்கள் தள்ளி நின்று, “பேய் இல்லடா, ஸ்பிளிட் பர்சனாலிட்டி” என்று மருத்துவம் பேசினார்கள். அன்று மாலை அவளுடைய தோழி ஒருத்தி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவளை வளர்த்த பாட்டி இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சோதனை வாரம் என்பதால் காரியம் முடிந்த மறுநாளே பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் எல்லாத் தாளையும் எழுதி முடித்திருக்கிறாள்.

‘பேய்’ என்றவர்களும் ‘மனநோய்’ என்றவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்தார்கள். இரு தரப்பும் அவளுக்கு ஒரு பெயர் சூட்டினார்கள். பெயர் சூட்டியதும் கேட்பது நின்றுவிட்டது. நானும் அந்தத் தோழி சொல்லும் வரை கேட்கவில்லை.

‘சந்திரமுகி’ நமக்கு ஒரு நன்மை செய்தது. இப்படி நடந்தால் மருத்துவரிடமும் போகலாம் என்ற எண்ணத்தைப் பாமர வீட்டிலும் விதைத்தது. மருத்துவரும் மந்திரவாதியும் சண்டை போடாமல் கைகோத்து வேலை செய்வதாகக் காட்டியதும் நல்லதுதான். நம்பிக்கையுள்ள வீட்டாரைக் கேலி செய்து எந்தப் பிள்ளையையும் காப்பாற்ற முடியாது. ஆனால் ஒரே இரவில், ஒரு பொம்மையைப் பழி தீர்த்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் அதே படம் விதைத்தது. உண்மையில் மன வேதனை ஆற மாதங்களும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். அன்னா ஓவுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

மூன்று கேள்விகள்

ஆகவே என் யோசனை எளியது. பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு பேய்ப்படத்தை எடுத்துப் பேசட்டும். இந்த மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது: பேய் உயிரோடு இருந்தபோது அவளுக்கு என்ன நடந்தது, செய்தவர் யார்? இரண்டாவது: பேய் வந்த பிறகு, அதுவரை பேச முடியாத யாரால் எதைப் பேச முடிகிறது? மூன்றாவது: முடிவில் பேயை விரட்டுகிறார்களா, அல்லது அது சொல்வதைக் கேட்கிறார்களா?

2011இல் வந்த ‘காஞ்சனா’வை இந்தக் கேள்விகளோடு பார்க்கலாம். திருநங்கையரை எத்தனையோ படங்களில் கேலிப்பொருளாகக் கண்டு சிரித்துப் பழகிய அரங்கு, கொலையுண்ட ஒரு திருநங்கைக்காகக் கைதட்டியது. அவள் உயிரோடு வந்து கேட்டிருந்தால் அவ்வளவு பேர் கேட்டிருப்பார்களா என்றும் மாணவர்கள் பேசட்டும். நாளைக்குப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகள், தமிழ்நாட்டு அரண்மனையை விட்டு நம் பேய்கள் எங்கே இருக்கின்றன என்றும் தேடட்டும். சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத பல்லாயிரம் தோட்டத் தமிழருக்கு ஊரில் கருமாதிகூட முறையாக நடக்கவில்லை. அந்த வீடுகளில் எத்தனை ஆண்டு கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்கள்!

படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அந்தக் கருவியைக் கீழே வைத்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு தோழி திடீரென்று பேச்சைக் குறைத்தால், காரணமில்லாமல் அழுதால், உடம்பு நடுங்கினால், அவளை ஆராய வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். ‘என்ன ஆச்சு?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் உட்கார்ந்திருங்கள். பிறகு அவள் சம்மதத்தோடு பள்ளியின் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரிடம் கூட்டிப்போங்கள். வீட்டில் ஆபத்து என்றால், அவள் வேண்டாம் என்றாலும் நம்பகமான ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த மாணவிக்கு அன்று இவ்வளவு நீளமாக நான் பதில் சொல்லவில்லை. “அவளுக்குத் தமிழில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருந்திருக்கு” என்று மட்டும் சொன்னேன். பொந்தியானாக் கதையையும் ஆணியையும் பற்றிச் சிறிது பேசினோம். தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக, புத்தகப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்: “சார், அந்த ஆணியை அடிச்சது யாருன்னு கதையில யாருமே சொல்லலையே?”

இப்போது வகுப்பில் எல்லாரும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிரித்த பையன்களும் சேர்த்துத்தான்.